மாதிரி ரயில் கண்காட்சிகள்: அபிமானிகள் வேண்டுவது யாது?

1891ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து லைப்ஸிக் நகரின் வசந்தகாலச் சந்தையில், மெர்க்லின் என்னும் பொம்மை உற்பத்தி ஸ்தாபனத்தார், 8 என்ற எண்ணின் உருவில் வளைந்து தன்னையே குறுக்காகக் கடந்து செல்லும் தண்டவாளத்தின்மீது, சாவி முடுக்கினால் ஓடும் சிறு புகைவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். பொம்மை ரயில்கள் அதற்கு முன்பும் இருந்தன; ஆயினும் தண்டவாளத்தின் அகலத்துக்கு நிர்ணயமான அளவுகளை வகுத்து, இந்த ஆண்டு ஒரு வண்டி, அடுத்த ஆண்டு பாதையைப் பிரிக்கும் ஒரு பாயின்ட், அதற்கடுத்த ஆண்டு ஒரு ஸ்டேஷன் என்று வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்னும் ஏற்பாட்டை ஒரு முழுமையான முறையாக ஜனங்களின் முன் வைத்த பெருமை அவர்களுடையது. இந்தப் பொழுதுபோக்கு இன்று நாம் அறிந்த உருவத்தில் பிறந்ததே கூட்டம் நெருக்கும் ஒரு சந்தையில்தான். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் அபிமானிகள் தத்தம் வீட்டு மாடியறையிலோ கொட்டகையிலோ தனியே உழைத்துவிட்டு, ஆண்டுக்குச் சில தடவையாவது ஒரு பெரிய மண்டபத்தில் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் அங்கே எதை நாடி வருகிறார்கள், நாடியது கிடைக்கிறதா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இக்கேள்வியை ஆராய்வதற்கு இங்கிலாந்தைக் காட்டிலும் தகுந்த களம் கிடையாது. நார்த்தாம்ப்டனில் 1899 வாக்கில் பாஸெட்-லோக் ஸ்தாபனம் தோன்றியது. லிவர்ப்பூலில் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்ட ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் தமது பெயரிலேயே ரயில்களை வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் நடுவே, 1910இல், லண்டனில் 'மாடல் ரெயில்வே கிளப்' ஸ்தாபிக்கப்பட்டது. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு அருகே கீன் ஹவுஸ் என்னும் சொந்தக் கட்டடத்தில் இன்றும் இயங்கும் அச்சங்கம், ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் நடத்திவந்த கண்காட்சி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தலைமுறையினருக்கு ஒரு திருவிழாவாகவே இருந்தது. இப்பொழுதோ இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரையில், ஏதேனும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலோ சர்ச்சு ஹாலிலோ விளையாட்டரங்கத்திலோ மாதிரி ரயில் ஓடாத சனிக்கிழமை அந்நாட்டில் அபூர்வம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தரத்தினர் அல்லர். குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு பிற்பகலைக் கழிக்க வரும் குடும்பத்தார் உண்டு. நீராவி என்ஜின் மறைந்துபோன துக்கம் இன்னும் ஆறாத பழைய பயணிகள் உண்டு. தாமே கையில் உப்புத்தாளும் சால்டரிங் கோலும் பிடித்து வேலை செய்கிறவர்கள் உண்டு. முதல் இரு வகையினரை மகிழ்விப்பது அவ்வளவு கடினமன்று. மூன்றாம் வகையினரின் எதிர்பார்ப்பே சிக்கலானது, ஒன்றோடொன்று முரண்படுவதும்கூட.

அவர்கள் முதலாவதாக வேண்டுவது ஓட்டம். இது சொல்லவேண்டியதே இல்லை என்று தோன்றலாம். ஆனால் கண்காட்சிகளைப் பற்றி அபிமானிகள் சொல்லும் குறைகளில் தலையாயது, 'அரைமணி நேரம் நின்றேன், ஒரு வண்டிகூட வரவில்லை' என்பதுதான். இதன் காரணத்தை அறியச் சிறிது கணக்குப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் பெரும்பாலோர் கையாளும் 'டபிள் ஓ' அளவில் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர், அதாவது 76இல் ஒரு பங்கு என்பது பிரமாணம். அதன்படி ஒரு மைல் தூரம் 21 மீட்டராகச் சுருங்குகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ், மாதிரியில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர் போகும். பார்வையாளருக்குத் தெரியும் முன்பகுதி ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பெட்டிகளுடன் மூன்று மீட்டர் நீளும் அந்த வண்டி தலைகாட்டியதிலிருந்து வால் மறையும் வரையில் அரை நிமிஷம்கூட ஆகாது. மெய்யான கிளைப்பாதை ஒன்றில் இரு வண்டிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வெறிச்சென்று கிடப்பதே இயல்பு. அந்த இயல்பை அப்படியே காட்டினால் மண்டபத்தில் நிற்கிறவன் நகர்ந்துவிடுவான். அவனை நிறுத்திவைப்பதற்காக ஒரே வண்டியை வட்டப்பாதையில் ஓயாமல் சுற்றவிட்டாலோ, நான்காம் சுற்றுக்குள் அது வெறும் பொம்மையாகிவிடும்.

இவ்விரு குறைகளுக்கும் பரிகாரமாக ஏற்பட்டதே திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் வண்டி யார்டு. காட்சிப் பலகையின் ஒரு முனையிலோ பின்புறத்திலோ பத்துப் பன்னிரண்டு தண்டவாளங்களில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும்; ஒன்று போனவுடன் மற்றொன்றாக, முன்பே எழுதிவைத்த கிரமத்தின்படி அவை வெளிவரும். காலைப் பால் வண்டி, பள்ளிப் பிள்ளைகளின் பாசஞ்சர், நிலக்கரி கூட்ஸ், மாலையில் லண்டனிலிருந்து திரும்பும் எக்ஸ்பிரஸ் என்று ஒரு நாளின் வாழ்க்கையை நாற்பது நிமிஷத்தில் நடத்திக் காட்டும் அமைப்பே அனுபவசாலிகளின் மதிப்பைப் பெறுகிறது. அவர்கள் விரும்புவது வண்டிகளின் எண்ணிக்கையை அன்று. ஒவ்வொரு வண்டியும் ஏதோ ஒரு காரியத்தை முன்னிட்டு வந்தது என்ற நம்பிக்கையை.

வாகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலையைக் காட்டும் சிறு அமைப்புகளைச் சுற்றி எப்பொழுதும் கூட்டம் கலையாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். நான்கடிப் பலகை ஒன்றில், வாகன்களை ஒதுக்கி நிறுத்தும் மூன்று சைடிங்குகள். ஒன்றில் ஐந்து வாகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்க இடம். பாதையில் இருப்பவை எட்டு வாகன்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரும் ஐந்தை, வந்த அதே வரிசையில் கோத்து ஒரு வண்டியாக்க வேண்டும். ஆலன் ரைட் என்பவர் வகுத்த 'இங்கிள்நுக்' என்ற இந்தப் புதிரில் 6,720 விதமான வரிசைகள் சாத்தியம். ஆகையால் நாள் முழுவதும் ஆடினாலும் சலிப்பதில்லை. அமெரிக்காவில் ஜான் ஆலன் அமைத்த 'டைம்சேவர்' என்னும் புதிரில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு போட்டியிடுவார்கள். அருகே நின்று பார்த்தால், என்ஜின் நத்தை வேகத்தில் பின்னால் வந்து வாகனின் தாங்கிகளைத் தொட்டு நிற்கிறது. ஓட்டுநர், நுனியில் மெல்லிய கம்பிக் கொக்கி கட்டி, பக்கத்திலே சிறு விளக்குப் பொருத்திய ஒரு குச்சியை நீட்டுகிறார். எள்ளளவே இருக்கும் மூன்று வளையச் சங்கிலியைக் கொக்கியில் ஏந்தி எதிர் வண்டியின் கொளுவியில் மாட்டுகிறார். முதல் முயற்சியில் மாட்டிவிட்டால் சுற்றி நிற்கிறவர்களின் முகத்தில் தோன்றும் திருப்தியைப் பார்க்கவேண்டும்! மெய்யான பாதையில் கம்பத்துடன் ஓடிய ஷண்டரின் உழைப்பு அந்தக் கணத்தில் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

இன்னும் சில அமைப்புகளில் இருபுறத்து ஓட்டுநர்களும் ஒருவரோடொருவர் வாய் திறந்து பேசுவதே இல்லை. சிக்னல் பெட்டிகளின் மணியே பேசுகிறது. முதலில் கவனத்தை ஈர்க்க ஒரு தட்டு. எக்ஸ்பிரஸுக்கு லைன் கிளியர் கேட்க நான்கு தட்டுகள். நின்று நின்று போகும் பாசஞ்சராயின் மூன்றும் ஒன்றும். வண்டி புறப்பட்டதும் இரண்டு. அடுத்த எல்லையைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்றும். எதிர்ப்புறத்து மணி அதையே திருப்பிச் சொன்னால் அல்லாமல் கைகாட்டி இறங்காது. கிரேட் சென்ட்ரல் ரெயில்வேயின் கற்பனைக் கிளை ஒன்றைப் பக்கிங்ஹாம் என்ற பெயரில் அமைத்துப் பல்லாண்டு வளர்த்த பாதிரியார் பீட்டர் டென்னி, எதிர்ப்புறத்து மணியடிக்க ஆள் இல்லாத நேரங்களுக்காக அவ்வேலையைத் தானே செய்யும் ஓர் இயந்திரத்தைப் படைத்து, முன்பு அவ்வேலையைச் செய்துவந்த தம் மகனுடைய பெயரையே அதற்குச் சூட்டினார். ரயில் நடத்துவது ஒருவரால் ஆகிற காரியம் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

அடுத்தது யதார்த்தத்தின் பிரச்சினை. அபிமானிகளிடையே நெடுநாளாக நடக்கும் வாதம் இது. பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவத்தில் சிறியவை. ஆரம்ப காலத்து மின்மோட்டார்களை அவற்றுக்குள் அடக்க இடம் போதாமையால், வண்டியின் உடலை அடிக்கு நான்கு மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக்கொண்டு, தண்டவாளத்தை மாத்திரம் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் 16.5 மில்லிமீட்டர் அகலமாகவே விட்டுவிட்டார்கள். சரியான விகிதப்படி அது 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். 1938இல் வெளிவந்த 'ஹார்ன்பி டப்ளோ' இந்தக் குறுகிய பாதையை வீடுதோறும் நிலைநாட்டிவிட்டது. குறையைப் பொறுக்காதவர்கள் 18.2 மில்லிமீட்டருக்கும், இன்னும் கண்டிப்பானவர்கள் 18.83க்கும் தாமே தண்டவாளம் கோத்து, சக்கரம் மாற்றி, ஓர் என்ஜினுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை 'ஆணி எண்ணுகிறவர்கள்' என்று மற்றவர்கள் இகழ்வது வழக்கம். அந்த இகழ்ச்சி நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம்; இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வண்டியில் காணப்படும் நுணுக்கமெல்லாம், ஆணியை எண்ணிப் பார்த்தவர்கள் இரண்டு தலைமுறையாகப் பிடித்த பிடிவாதத்தின் பலனே. ஆனால் கண்காட்சி மேடையில் அவர்களுக்கு ஒரு கடமை உண்டு. எவ்வளவு நுட்பமான சக்கரமாயினும் பாயின்ட்டுக்குப் பாயின்ட் தடம் புரண்டு, வானத்திலிருந்து ஒரு கை இறங்கி அதைத் தூக்கி வைக்குமானால், பார்க்கிறவனின் மனத்தில் கட்டிய உலகம் அக்கணமே இடிந்துவிடுகிறது. பட்டறிவுள்ள பார்வையாளர்கள் வண்ணத்தில் சிறு பிழையை மன்னிப்பார்கள். கையின் குறுக்கீட்டை மன்னிப்பதில்லை.

இட உணர்வைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறும் மேஜைமேல் தண்டவாளம் பரப்பிய காலம் ஒன்று உண்டு. ஊரும் வயலும் சேர்ந்தாலன்றி ரயிலுக்குப் பொருள் இல்லை என்று செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஜான் ஆஹர்ன். அவருடைய 'மேடர் வேலி' என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கு இன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், ராய் இங்கிலாந்து என்பவர் ஸ்தாபித்த பெண்டன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. முன்சொன்ன லண்டன் சங்கத்தார் 1980களில் தொடங்கி இன்றும் வளர்த்துவரும் 'கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்' என்ற அமைப்போ, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து வடலண்டனை அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் தெருத் தெருவாகக் காட்டுகிறது. பின்னே போகப் போகக் கட்டடங்களைப் படிப்படியாகச் சிறிதாக்கி, சில அடி ஆழத்துக்குள் ஒரு நகரமே விரிந்து கிடக்கும் தோற்றத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். இத்தகையவற்றின் முன்னால் நிற்கும்போது அபிமானிக்கு உடனே தோன்றும் கேள்விகள் சில: இது எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கம்பெனிப் பாதை, எது வாங்கியது, எது கையால் செய்தது? இவற்றுக்கு விடையளிக்கும் ஓர் அட்டையை, பாதையின் வரைபடத்துடன், எட்டி நின்று படிக்கத்தக்க எழுத்தில் முன்னால் தொங்கவிடுவதற்குப் பெரிய செலவு இல்லை. ஆயினும் பத்து வருஷம் உழைத்து ஓர் அமைப்பைக் கட்டியவர்கள் இந்தச் சிறு காரியத்தில் அசிரத்தையாக இருப்பதைக் காண்கையில் வருத்தமே உண்டாகிறது.

உயரத்தைப் பற்றிய விவாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தரையிலிருந்து நாலடிக்கு மேலே அமைத்தால் வளர்ந்தவர்களின் கண் வண்டியின் ஜன்னல் மட்டத்துக்கு வருகிறது; காட்சி தத்ரூபமாகிறது. குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் பலகையின் ஓரம் மட்டுமே தெரியும். தாழ்த்தினால் முன்னவர்கள் விமானத்திலிருந்து பார்ப்பதுபோலக் கூரைகளையே பார்ப்பார்கள். ஒரே கண்காட்சியில் இருவிதமும் இருப்பதும், உயர்ந்தவற்றின் முன் உறுதியான படிப்பலகைகள் வைப்பதுமே வழி. மண்டபத்து விளக்கை நம்பாமல் ஒவ்வொரு அமைப்பும் தன் தலைக்குமேல் தனி விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதுகுப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் திரும்புகிறவர்களைப் பற்றிய புகாரும் எங்கும் கேட்கிறது. நுழைவாயிலில் பை வைக்க ஓர் இடம் ஒதுக்கினால் அது தீரும்.

இனி, இவை எல்லாவற்றிலும் பிரதானமானது என்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் அழகையும் நிலக்காட்சியையும் மட்டுமே விரும்புகிறவனுக்கு ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' இருக்கிறது. பிரௌன் சகோதரர்கள் 87இல் ஒரு பங்கு அளவில் அமைத்த அந்தப் பேருலகத்தில் ஆல்ப்ஸ் மலைகளும் அமெரிக்கப் பாலைவனங்களும், விமானங்கள் ஏறி இறங்கும் விமான நிலையமும்கூட உண்டு. நூற்றுக்கணக்கானோர் சம்பளத்துக்கு உழைக்கும் அவ்விடத்தின் பிரமிப்பை, வாரக்கடைசியில் வேன் வாடகைக்கு எடுத்து, வெள்ளிக்கிழமை இரவு பலகைகளை இறக்கி, ஞாயிறு மாலை மறுபடியும் ஏற்றும் சங்கத்தார் ஒருநாளும் தரமுடியாது. ஆனாலும் அவர்களுடைய மண்டபங்களுக்கு ஜனங்கள் வருகிறார்கள். ஏன்? செய்தவர் அங்கே நிற்கிறார் என்பதற்காகவே. சோள வயலின் கதிர்களை எதனால் செய்தீர்கள், கூரை ஓட்டின் பாசிக்கு என்ன வண்ணம் கலந்தீர்கள், இந்த வளைவில் என்ஜின் தடங்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கயிற்றுக்கு அந்தப்புறம் இருக்கும் மனிதர் விடை சொல்வார். சில சமயம் ஒரு வாகனைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடிப்புறத்து வேலையைக் காட்டுவார். அச்சிட்ட படத்தில் அடிப்புறம் தெரிவதில்லை.

ஆகவே பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தமக்குள்ளே உரையாடிக்கொண்டு, தேநீர்க் கோப்பையைத் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநர்களைப் பற்றிய மனக்குறை எல்லாவற்றிலும் கசப்பானதாக இருப்பதில் வியப்பில்லை. ஓட்டுபவர் ஒருவர், பேசுபவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்ட குழுக்கள் இக்குறையைத் தவிர்த்திருக்கின்றன. அதனினும் பயனுள்ளவை செய்முறை மேஜைகள். வெள்ளீயக் கலவையால் வார்த்த வண்டிப் பாகங்களைச் சாதாரண சால்டர் வைத்து இணைத்தால் பாகமே உருகிவிடும். 70 டிகிரியில் இளகும் தனி சால்டரும் வெப்பம் குறைத்த கோலும் வேண்டும். நைலான் இழைகளை உயர் மின்னழுத்தம் ஏற்றிய சல்லடையிலிருந்து பசைமீது தூவினால் ஒவ்வோர் இழையும் நட்டமாக நின்று புல்வெளியாகிறது. இவற்றை எழுத்தில் படித்தவனுக்குப் பாதி பயமும் பாதி ஆசையுமாகவே இருக்கும். மேஜையருகே பத்து நிமிஷம் உட்கார்ந்து, தானே ஒரு மூலையை ஒட்டிப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். அமெரிக்காவில் 1935இல் மில்வாக்கியில் தோன்றிய தேசிய மாதிரி ரயில் சங்கம், தன் வருடாந்தர மாநாட்டில் இத்தகைய வகுப்புகளையும், உறுப்பினர் வீடுகளிலுள்ள அமைப்புகளைச் சென்று காணும் ஏற்பாட்டையும் கண்காட்சியோடு இணைத்திருப்பது பாராட்டத்தக்கது.

வியாபாரத்தைக் குறித்து இருவேறு கட்சிகள் உண்டு. கடைகள் மிகுந்து, அமைப்புகள் குறைந்துவிட்டன என்பது ஒரு கட்சி; கடைகளுக்காகவே வருகிறோம் என்பது மற்றொன்று. புதிய என்ஜினை விலை ஒப்பிட்டு வீட்டிலிருந்தே தருவிக்கும் காலத்தில், பெரிய பெட்டிகளை அடுக்கி விற்கும் கடைக்கு முன்பிருந்த முக்கியத்துவம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் அரை மில்லிமீட்டர் துரப்பண ஊசி, ஒரு ஜோடி சக்கரம், கையில் தேய்த்துப் பார்த்தாலன்றி நிறம் தேறாத ஜல்லித்தூள் ஆகியவற்றைத் தபாலில் வாங்குவது சௌகரியப்படாது. தனி மனிதர் நடத்தும் அத்தகைய சிறு கடைகளே அழிந்துவருகின்றன. அவற்றுக்கு வாடகையைக் குறைத்தேனும் இடம் தரவேண்டும். பழைய வண்டிகளை விற்கும் மேஜையில், வாங்குமுன் ஓட்டிப் பார்க்க ஒரு முழம் தண்டவாளமும் மின்சாரமும் இருந்துவிட்டால், வாங்குகிறவனும் விற்கிறவனும் மனத்தாங்கல் இல்லாமல் பிரிவார்கள்.

பணமும் ஆளும் இல்லாமல் இவை ஒன்றும் நடவா. பர்மிங்ஹாம் தேசியக் கண்காட்சி மையத்தில் வார்லி சங்கத்தார் நவம்பர் தோறும் நடத்திவந்த மாபெரும் கண்காட்சி, 2023ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஓர் உள்ளூர்ச் சங்கத்தின் தொண்டர்கள் அவ்வளவு பெரிய காரியத்தை அத்தனை ஆண்டுகள் தாங்கியதே அதிசயம். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் சங்கத்தார் மாஸசூஸெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரி மாதக் கடுங்குளிரில் பல கட்டடங்களை நிரப்பி நடத்தும் கண்காட்சிக்கு இருபதாயிரம் பேருக்கும் மேல் வருவதுண்டு. மிஞ்சும் வருமானத்தைப் பழைய ரயில்களைப் பாதுகாக்கும் அமைப்புகளுக்கு நன்கொடையாக அளிக்கிறார்கள். பெரியவற்றின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஒரே நாளில் நாட்டின் சிறந்த கைவேலை அனைத்தையும் காண்பது வேறெங்கும் கிடையாத பாக்கியம். ஆனால் எழுபது அமைப்புகளை ஒரு பகலில் பார்க்க முயன்றவன் ஒவ்வொன்றின் முன்னும் சில நிமிஷமே நிற்கமுடியும். அந்த நெரிசலில் ஒருவரோடு நிதானமாகப் பேசுவது எங்ஙனம்? பன்னிரண்டு நல்ல அமைப்புகளும், நடுவே உட்கார நாற்காலியும், சங்கத்துப் பெண்மணிகளும் ஆண்களும் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த கேக்கும் தேநீரும் கிடைக்கும் ஒரு சிறு நகரத்துக் கண்காட்சியே பலருக்கு நெஞ்சில் நிற்கிறது. உணவையும் இருக்கையையும் அற்பமாக எண்ணவேண்டாம். வருகிறவர்களில் முதியோர் அதிகம்.

பார்வையாளரே வேண்டாம் என்று ஒதுங்கிய அபிமானிகளும் உண்டு. ஐரோப்பாவில் 'ஃபிரெமோ' என்ற நேசக் கூட்டத்தார், ஒவ்வொருவரும் ஒரே பிரமாணத்தில் செய்த பலகைகளைக் கொண்டுவந்து, ஒரு விளையாட்டரங்கம் முழுவதும் நீளும் பாதையாக இணைத்து, கால அட்டவணையும் சரக்குச் சீட்டும் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் ரயில் நடத்துகிறார்கள். 1970களில் கலிஃபோர்னியாவில் தோன்றிய 'என்-டிராக்' முறையோ அதே யோசனையை மூன்று பிரதான தண்டவாளங்களுடன் பொதுமக்கள் முன்னிலையில் கொண்டுவந்தது. முன்னதில் ஓட்டுகிறவனுக்கு ஆனந்தம் பூரணம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. பின்னதில் வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. ஓடுவதன் காரணம் புலப்படுவதில்லை. இரண்டையும் இணைக்க, நிலையங்களின் பெயரும் அடுத்து வரும் வண்டியின் பெயரும் நேரமும் காட்டும் பலகை ஒன்றைக் கூட்டத்துக்கு எதிரே வைத்தால் போதும். பார்க்கிறவன் அப்பொழுது பயணியாகக் காத்திருக்கத் தொடங்குவான்.

இளைஞரைப் பற்றிய கவலை எல்லாச் சங்கங்களிலும் கேட்கிறது. சிறுவர்களை ஈர்ப்பதற்காக மூலையில் முகம் வைத்த நீல நிற என்ஜின் ஒன்றைச் சுற்றவிடுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்து வயதுக்கு அது போதும். பன்னிரண்டு வயதுக்குப் போதாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டுவது கையில் கட்டுப்பாட்டுக் கருவி. மேலே சொன்ன மூன்று சைடிங் புதிரை உடைந்தாலும் பாதகமில்லாத பழைய வாகன்களைக் கொண்டு அமைத்து, தடுப்பு எதுவும் இல்லாமல் மண்டபத்தின் நடுவே வைத்து, பொறுமையுள்ள உறுப்பினர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தால், அந்தப் பிள்ளை முதல் ஐந்து வாகனைக் கோத்து முடிப்பதற்குள் அடுத்த சங்கக் கூட்டம் எந்தக் கிழமை என்று அதன் தாயார் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.